ஒரே ஒரு மைக்

டெக்ஸஸ் நெடுஞ்சாலையோரச் சுட்டகறி உணவகத்தில் மதிய வெயில் கண்ணாடி வழியே இறங்கி ரோண்டாவின் கிட்டார் மேல் கிடக்கிறது. இருபது வருடமாகத் தானே எழுதி, தானே பதிவு செய்து, தானே ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பாடுகிறவள். அவளுடைய நான்கு சிடிகள் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கின்றன. கடைக்கு மைக் ஒன்றுதான்; பாட்டும் அதில்தான், தயாரான சாப்பாட்டின் எண்ணைக் கூப்பிடுவதும் அதில்தான். பரிமாறுகிற கெல்சி ஓடிவர, ரோண்டா பாட்டை நிறுத்தி முகத்தை விலக்குகிறாள். "முப்பத்தேழு, நெஞ்சுக்கறி!" என்று கெல்சி அதில் கூவ, தொப்பிக்காரர் ஒருவர் தட்டை வாங்க எழுந்து, போகிற போக்கில், "சாப்பிடுற நேரத்துல சாவுப் பாட்டாம்மா? ஆடுற மாதிரி ஒண்ணு எடுத்து விடேன்" என்கிறார். "அடுத்தது அதாண்ணே" என்கிறாள் ரோண்டா. மகனைப் புதைத்த வாரத்தில் அவள் எழுதியது, பாதியில் நின்ற இந்தப் பாட்டு. 'உன் தூண்டில் இன்னும் வண்டியிலேயே கிடக்குது' என்ற வரியில் முன்பெல்லாம் குரல் உடைந்துவிடும். விட்ட இடத்திலிருந்து பாட, இப்போது அந்த வரி வருகிறது. 'உன் தூண்டில்' என்றதும் தானாகவே நிறுத்தி, முகத்தை விலக்கி, எண்ணுக்காகக் காத்திருக்கிறாள். அடுப்புப் பக்கமிருந்து கெல்சி கையை விரிக்கிறாள். "ஒண்ணும் ரெடியாகல ரோண்டாக்கா. நீங்க பாடுங்க."