ஒரு பேக் தேவை

மதராஸ் காலேஜ் ஒன்றின் விளையாட்டு வாத்தியார் தேசிகன், புட்பால் டீமுக்கு, கோலுக்கு முன்னால் நின்று எதிராளிகளைத் தடுக்கும் நல்ல பேக் ஒருவனைத் தேடி, திருச்செங்கோட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு 1938இல் வந்திருந்தார்.

"மணியன், இப்படி வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டார் ஹெட்மாஸ்டர் கைலாசம்.

மாணவனுக்குக்கூட மரியாதை! கொங்குநாட்டுப் பழக்கம் போலிருக்கிறது என்று தேசிகன் ரசித்தார்.

மூன்று பையன்கள் ஓடிவந்து மணியன்மேல் மோதினார்கள். மூன்று பேரும் விழுந்தார்கள். மணியன் மீசையைத் தடவிக்கொண்டு அப்படியே நின்றான்.

"மலை மாதிரி நிக்கறானே! வயசென்ன?"

"ரிஜிஸ்டர்ல பதினெட்டுங்க."

"காலேஜ் பீஸ் கிடையாது. ஹாஸ்டல் சாப்பாடும் இலவசம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினா போதும்."

கைலாசத்தின் முகம் வாடியது.

"அங்கதானுங்க சிக்கல். கணக்குப் பரீட்சையை மட்டும் இவரால தாண்ட முடியலீங்க."

"நீங்களே பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கக் கூடாதா?"

"பக்கத்துல உக்காந்து சொல்லித்தானுங்க கொடுத்தேன்."

"எப்போ?"

"நாங்க எஸ்.எஸ்.எல்.சி. படிக்கறப்பங்க. ஒரே பெஞ்சு. அந்த வருசம் நான் மட்டும் பாஸாயிட்டனுங்க."