கென்ஜேயின் மறதி

"வாயை மூடுங்க மதினி! அண்ணன் யோசிக்கிறாரு இல்ல?"

கொழுந்தன்மார் அதட்டியும் கென்ஜே அடங்கவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டே தொணதொணத்தாள்.

வீடு குதிரைப் பந்தயத் திடலாக இரைந்தது. நாளை பேரன் கல்யாணம். ஏழு தலைமுறை முன்னோர் பெயரைச் சொல்லி அவள் கணவர் சர்சென்பாய் ஆசி கூறவேண்டும். ஆனால் கிழவருக்கு மறதி என்று ஊரெல்லாம் பேச்சு. இன்றைய சோதனையில் தடுமாறினால் அந்த மரியாதை தம்பிக்குப் போய்விடும்.

அல்மாட்டியிலிருந்து மரபணு ஆராய்ச்சிக்கு வந்த டாக்டர் அக்மராலையே நடுவராக உட்கார வைத்துவிட்டார்கள்.

"மூணாவது யாரு, அக்சகால்?" என்று பெரியவரை மரியாதையாக விளித்துக் கேட்டாள் அக்மரால்.

கிழவர் வெள்ளைத் தாடியைத் தடவினார்.

"அந்தக் குதிரைக்காரரோட சேணத்தை எலி கடிக்குது" என்றாள் கென்ஜே.

"தோசன்!" என்றார் கிழவர்.

"அடி சக்கை!"

ஐந்தாவதில் மறுபடி திணறல்.

"ஓநாய் அடிச்சவர் கம்பளியை வெயில்ல போடணும்..."

"மதினி!"

"கசிபெக்!"

ஏழும் வந்துவிட்டது. தொப்பிகள் பறந்தன.

அக்மரால் துள்ளிக் குதித்தாள். "நான் சொன்னேன்ல? மறதி மரபணு இவங்க ரெண்டு பேருக்குமே இருக்கு. ஆனா அது பொம்பளைங்களைத்தான் அதிகமா தாக்கும்! அபா, இப்ப நீங்க. நாளைக்கு என்ன விசேஷம்?" என்று பாட்டியின் பக்கம் திரும்பினாள்.

கென்ஜே ஒரு கணம் கணவரைப் பார்த்தாள். "நாளைக்கா? என்ன விசேஷம்?"

"பேரன் கல்யாணம்டி கிழவி!" தொடையைத் தட்டிச் சிரித்தார் சர்சென்பாய். "போச்சு, மூளை கழண்டுபோச்சு!"

கூட்டமே சிரித்தது. "பாவம், நாளைக்குச் சோத்துல உப்புப் போடறாங்களோ இல்லையோ!"

அக்மராலுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. கென்ஜேயின் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள்.

"அபா, குதிரைக்காரர், ஓநாய் அடிச்சவர்... இதெல்லாம் யாரு?"

"புகுந்த வீட்டுப் பெரியவங்க பேரை மருமக சொல்லலாமா கண்ணு? அதுக்குப் பதிலா நாங்களா வெச்சுக்கிற பேரு."

"அப்ப ஏழு பேரும் உங்களுக்குத் தெரியும்! அவருக்குத்தான்... இருங்க, எல்லார்கிட்டயும் சொல்றேன்!"

கென்ஜே அவள் கையைப் பற்றிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"உன் ஆராய்ச்சியில உள்ளதை எழுதிக்கோ. வெளியில மட்டும் சொல்லாதே. இந்த வீட்ல யாருக்கோ மறதின்னு ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு. பொம்பளைக்குத்தான் அதிகம்னு நீயே சொல்லிட்டே. அது எனக்கே இருந்துட்டுப் போகட்டும்."