கற்பூரம் அணைத்த கை

"சட்டையக் கழட்டுங்க மொதல்ல!"

பொன்செல்வி கிசுகிசுத்தாள். புறவாசல் வழியாக நுழைந்த புருஷன் இசக்கிதுரையின் சட்டைக் கையிலும் நெஞ்சுப் பக்கமும் சொட்டுச் சொட்டாக ரத்தம். அவன் உடம்பைத் தடவித் தடவிப் பார்த்தாள், ஒரு கீறல்கூட இல்லை.

அப்படியென்றால் இது யார் ரத்தம்?

"யாருக்கு என்ன ஆச்சு? சொல்லித் தொலைங்களேன்!"

"சுடலைமணி..." என்றான்.

சுடலைமணி அவன் கூடப்பிறந்த தம்பி. வாய்க்கால் தண்ணீரை யார் முதலில் திருப்புவது என்று போன வருஷம் மூண்ட சண்டையில் மண்டை உடையாத குறைதான். இனிச் சாகிறவரைக்கும் ஒருத்தனோடு ஒருத்தன் பேசுவதில்லை, தொடுவதில்லை, வாசலை மிதிப்பதில்லை என்று முப்பிடாதி அம்மன் கோயிலில் ஊர் பார்க்கக் கற்பூரம் அணைத்து இரண்டு பேருமே சத்தியம் பண்ணினார்கள்.

அதற்கப்புறமும் இவன் ஆத்திரம் தீர்ந்தபாடில்லை. தம்பி பேரைக் கேட்டாலே பல்லைக் கடிப்பான். இன்று காலையிலும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு உறுமிக்கொண்டேதான் வயலுக்குப் போனான்.

"வயக்காட்டுல ஒரு ஈ காக்கா இல்லட்டி. அவனும் நானுந்தான்." என்றான் இசக்கிதுரை. "கிட்டப் போயிரப்படாதுன்னுதான் நின்னேன், முடியல. ஓடிப்போயி அவன வரப்புல உக்கார வச்சு, தலைய முன்னால அமுக்கி, இறுக்கிப் புடிச்சிட்டேன். அண்ணாந்து பாக்க வந்தான், விடல. பத்து நிமிசம், புடிச்ச புடிய விடவே இல்ல. பெறவு..."

"அய்யோ, போதும்!" அவன் வாயைப் பொத்தினாள். அடுத்த வீட்டுக் கோமுவுக்குப் பாம்புச் செவி.

அவன் அவள் கையை விலக்கினான். "முப்பிடாதி என்னைய சும்மா விடமாட்டாட்டி. இந்தக் கை அழுகித்தான் போகப் போகுது." நீட்டிய வலது கையின் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரத்தம் காய்ந்திருந்தது.

முப்பிடாதி விடுவது இருக்கட்டும், போலீஸ் விடுமா?

சட்டையைப் பிடுங்கி வெந்நீர் அடுப்புக்குள் திணித்தாள். தீபாவளிக்கு எடுத்த சட்டை, புகைந்து புகைந்து எரிந்தது. மண்வெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வெறும் சேறுதான். கழுவியிருப்பார் போல.

பள்ளிக்கூடத்தில் இருக்கும் மகள் சுகன்யா நினைவுக்கு வந்தாள். கொலைகாரன் மகள் என்று நாளைக்கு ஊரே சொல்லுமே, அந்தப் பச்சைப்பிள்ளை யார் முகத்தில் முழிக்கும்? பாழாய்ப்போன தண்ணீரை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கக் கூடாதா இந்த மனுஷன்!

கையில் கிடைத்த துணிமணியைப் பையில் அடைத்தாள். "திருநவேலி போயி நாங்குநேரி பஸ்ஸைப் புடிங்க. எங்கண்ணன் வீட்டுல இருங்க. யாரு கேட்டாலும் நீங்க நேத்தே போயாச்சுன்னு சொல்லிருதேன்."

"எதுக்குட்டி?" என்று முழித்தான் அவன்.

"வாயத் தெறக்காதிய! பிள்ளை முகத்த நெனச்சுக் கெளம்புங்க!"

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு பைக் வந்து நின்றது. ஓடிப்போய்க் கதவின் கொண்டியைப் போட்டாள். அதற்குள்ளே வந்துவிட்டார்களா?

"மதினி!"

செத்தவன் குரல் அல்லவா இது! சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டே ஜன்னலைத் திறந்தாள்.

வாசல்படியை மிதிக்காமல், தள்ளித் தெருவில் நின்றுகொண்டிருந்தான் சுடலைமணி. அவளுக்குப் பின்னால் வந்து நின்ற அண்ணனைப் பார்த்தவன், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளிடம் மட்டும் சொன்னான்:

"மூக்குல வந்த ரத்தம் நின்னுட்டுன்னு அண்ணன்ட்ட சொல்லிருங்க மதினி."