ஒன்பதாவது பற்று

ஐயாவுவின் கருவி கத்தவில்லை.

ஜப்பான்கார சார்ஜன்ட் தந்திச் சாவியை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். மூன்றாம் முறை முஷ்டியால் குத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

நான் சிரித்தேன். மறைத்துக்கொள்ளக்கூட இல்லை.

யுத்தத்தில் ஊரைப் பிடித்த ஜப்பான்காரர்கள் ஈப்போவில் நடத்திய தந்தி வகுப்பின் கடைசிப் பரீட்சை அது. ஒரு பலகை, ஒரு கம்பிச் சுருள், ஒரு சாவி, ஒரு பேட்டரி. ஒன்பது இடங்களில் கம்பியை ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். சாவியை அழுத்தினால் வண்டுபோலக் கத்த வேண்டும். அவ்வளவுதான். காலையில் செய்து வைத்ததை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சோதித்தார்கள்.

ஐயாவு, சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவன். சாக்கில் தைத்த கால்சட்டை. தினமும் அவித்த மரவள்ளிக்கிழங்கு. தோட்டத்தில் பால்வாளிகளின் ஓட்டையை ஈயம் வைத்து அடைத்துப் பழகியவனாம். அதற்காக சார்ஜன்ட் ஒருநாள் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து நான் அவனை 'வாளி' என்றுதான் கூப்பிட்டேன்.

நான் வட்டிக்கடைக் கிட்டங்கி சொக்கநாதன் செட்டியாரின் அண்ணன் மகன். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன். வாளியோடு ஒரே பெஞ்சில் நான்கு மாதம் உட்கார்ந்ததே எனக்குப் பெரிய கொடுமை.

சார்ஜன்ட் அவனைப் பளாரென்று அறைந்தார்.

அவன் கன்னத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. வாயைத் திறந்தால் இன்னோர் அறை விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். என்னை ஒரே ஒருமுறை பார்த்தான். மாட்டுப் பார்வை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து என் கருவி. கத்தியது.

"முத்துராமன், இச்சிபான்" என்றார் சார்ஜன்ட். முதலிடம்.

முதலிடம் பிடிப்பவனுக்கு ஈப்போ தந்தி ஆபீசிலேயே வேலை, வீட்டுக்கு அரிசி என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. முதலிடம் பிடித்தவன் பட்டாளத்தோடு பர்மா போர்முனைக்குப் போக வேண்டும். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

சித்தப்பா யார் யாரையோ போய்ப் பார்த்தார். தலை குனிந்து திரும்பி வந்தார்.

ரயில் நிலையத்துக்குப் போகும் லாரி காலை எட்டு மணிக்கு வகுப்பு வாசலில் நின்றது. நான் ஏறி உட்கார்ந்திருந்தேன். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி ஓடிவந்து லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஐயாவு நின்றான்.

"நான் ஐயாவு அம்மா, நல்லம்மா. எல்லாத்தையும் இவன் சொல்லிட்டான், சின்ன மொதலாளி. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல இவன் செஞ்சத நீங்க கெடுத்து வச்சீங்களாம். சன்னல் வழியா பாத்திருக்கான். மொதல்ல வாறவன பர்மாவுக்கு இழுத்துட்டுப் போயிருவானுங்கன்னு ஒங்களுக்கு மின்னாலயே தெரியுமாமே. இவங்கப்பாவ சயாம் ரயிலு போடக் கொண்டுபோனானுங்க, இன்னும் விடல. எனக்கு இருக்கிறது இவன் ஒருத்தன். இவன் போக வேண்டிய எடத்துக்கு நீங்க போறீங்களே, சாமி. நீங்க நல்லா இருக்கணும்."

கையெடுத்துக் கும்பிட்டாள்.

கெடுத்தது நான்தான். அவனுடைய ஒன்பதாவது பற்றைச் சூடுகாட்டி இளக்கினேன். சுருள் கம்பியில் வார்னிஷ் சுரண்டிய முனையை நறுக்கி எறிந்தேன். வார்னிஷ் போகாத முனையை அங்கே வைத்து மேலே ஈயத்தை விட்டு மூடினேன். பார்த்தால் ஒட்டியதுபோல இருக்கும். மின்சாரம் ஏறாது.

பர்மாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பால்வாளி அடைத்தவனின் பற்றுகள் என்னுடையதைவிடப் பளபளவென்று, மணி மணியாக இருந்தன. எனக்கு அது பொறுக்கவில்லை.

இதை அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கலாம். லாரி கிளம்ப இன்னும் நேரம் இருந்தது.

நான் தலையாட்டினேன். பெரிய தியாகியைப் போலக் கண்ணை மூடித் தலையாட்டினேன். இன்று நினைத்தாலும் என் மூஞ்சியில் நானே காறித் துப்பத் தோன்றுகிறது.

ஐயாவு தன் தாயைத் தோளில் பிடித்து நகர்த்தி, எதிரே கடை ஓரமாக நிறுத்தினான். பிறகு அவன் மட்டும் திரும்பி வந்து, பின்பலகையின் கொக்கியை மாட்டுவதுபோலக் குனிந்தான்.

நான்கு மாதத்தில் அவன் என்னிடம் முழுதாகப் பேசியது அப்போதுதான்.

"நீ கெடுத்தது தெரிஞ்சதும் ஒன்னைய மண்ண வாரித் தூத்தணும்னுதான் அம்மா கெளம்புச்சு. பர்மா வெசயம் ஒனக்கு மின்னாலயே தெரியும்னு நான்தான் பொய் சொல்லி வச்சேன். சாகப் போறவனுக்கு சாபம் வேற என்னத்துக்குலா."

கொக்கியை மாட்டிவிட்டு நடந்தான்.

லாரி கிளம்பியது. தெரு திரும்பும்வரை நல்லம்மாள் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.