முகம் தடவும் அத்தியாயம்

பதினோராம் அத்தியாயத்தின் நடுவில் நான் சிரித்துவிட்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்த அம்மாள் சட்டென்று நிறுத்தினார். என் விரல்கள் பிரெயில் தாளின் ஏழாம் வரியில் நின்றன.

எங்கள் அச்சகத்தில் பிழை திருத்துவது இப்படித்தான். பார்வையுள்ள ஒருவர் மூலத்தை வாசிப்பார். பார்வையில்லாத நான் அதே வரியைப் புள்ளிகளில் தொட்டுக்கொண்டே போவேன். ஒரு புள்ளி குறைந்தாலும் கூடினாலும் கையைத் தூக்குவேன். பதினாறு வருடமாக இதுதான் வேலை. என் விரலுக்குத் தப்பிய பிழை என்று ஒன்றை இதுவரை யாரும் கொண்டுவந்து காட்டியதில்லை.

கதை எப்படி இருக்கிறது என்று சொல்வது என் வேலையில் சேராது.

"என்னம்மா, புள்ளி தப்பா இருக்கா?"

"புள்ளியெல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம். கதைதான் தப்பா இருக்கு."

பரிசு வாங்கிய இளையோர் நாவல் அது. நாயகி என்னைப் போலவே பார்வையில்லாதவள், பதின்மூன்று வயது. வகுப்பில் முதல் மாணவி. புல்லாங்குழல் வாசிப்பாள். கோபமே வராது. பதினோராம் அத்தியாயத்தில் புது ஆசிரியை வருகிறார். இவள் எழுந்து போய் அவர் முகத்தை நெற்றியிலிருந்து மோவாய் வரை மெல்லத் தடவிப் பார்த்து, "நீங்கள் மிகவும் நல்லவர்" என்கிறாள். வகுப்பே கண்கலங்குகிறது.

அந்த நாவல் இருபது பார்வையற்றோர் பள்ளிகளுக்குப் போகவிருந்தது. தங்களைப் போல ஒருத்தி நாயகியாக வரும் கதையை அந்தப் பிள்ளைகள் முதல்முறையாக வாசிக்கப்போகிறார்கள்.

"யாரும் யார் மூஞ்சியையும் தடவிப் பாக்கிறதில்ல மேடம். எங்க வீட்டுக்காரரை முதன்முதல்ல சந்திச்ச அன்னிக்கு நான் அப்படித் தடவியிருந்தா, மனுஷன் அப்பவே ஓடிப்போயிருப்பார்."

அவர் சிரிக்கவில்லை.

"அப்போ அந்தப் பொண்ணு டீச்சரை எப்படித்தான் தெரிஞ்சுக்குவா?"

"டீச்சர் பேரைச் சொல்லுவாங்க. அவ்வளவுதான்."

நாற்காலி கிறீச்சிட்டது.

எனக்குப் பதினோரு வயதில் நடந்ததை அவரிடம் சொன்னேன். எங்கள் பள்ளி விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் மேடையில் என் முன் மண்டியிட்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பவுடரும் வியர்வையும் விரலில் பிசுபிசுத்தன. "நான் எப்படி இருக்கேன், சொல்லு கண்ணு" என்றார். என்ன சொல்வது? "அழகா இருக்கீங்க" என்றேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ஏன் அழுகை வந்தது என்று அப்போது தெரியவில்லை. அந்த விருந்தினர் இதை எங்கோ ஒரு கதையில் படித்திருக்க வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது.

அவர் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தார்.

"இதை எழுதினது நான்தாம்மா" என்றார். "சொன்னா நீ சங்கடப்படுவேன்னு உங்க மேலாளரை மறைக்கச் சொன்னேன். மன்னிச்சுக்கோ."

"ஐயோ மேடம்" என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நாக்கைக் கடிச்சது போதும். மேல சொல்லு." பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

சாப்பாட்டு மணி அடித்தும் நாங்கள் எழவில்லை. வீட்டுப்பாடம் செய்யாமல், பிரெயில் பலகை தொலைந்துவிட்டதென்று அவள் புளுகட்டும் என்றேன். தோழியோடு சண்டை போட்டு ஒரு வாரம் பேசாமல் இருக்கட்டும். பேர் சொல்லாமல் வந்து நிற்கிற ஆசிரியையிடம், "யார் நீங்க?" என்று வெடுக்கென்று கேட்கட்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றவர் புல்லாங்குழலை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்தார். அரைமணி நேரம் மல்லுக்கு நின்றோம். குழல் இருக்கட்டும், ஆனால் கேட்பவர்கள் காதை மூடிக்கொள்கிற மாதிரி வாசிக்கட்டும் என்று முடிவாயிற்று.

மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டாராம். மூலத்திலிருந்து ஓர் எழுத்துகூட மாறக் கூடாது என்பது எங்கள் அச்சகத்தின் விதி. "மூலத்தை எழுதினவளே மாத்துறேன், இன்னும் யாரைக் கேக்கணும்?" என்றார் எழுத்தாளர்.

அப்படியாக, புதிய நாவலை முதலில் வாசித்தவர்கள் எங்கள் பிள்ளைகள்தான். பார்வையுள்ள பிள்ளைகள் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அச்சுப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்தபோது, முதல் பக்கத்தில் இருந்த வரியைப் பக்கத்து மேசைக்காரி எனக்கு வாசித்துக் காட்டினாள்: "பிரெயில் பதிப்பைப் பின்பற்றித் திருத்தப்பட்டது." இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் முறை நான் கேட்காமலே வாசித்தாள்.

எழுத்தாளர் இப்போது போகிற கூட்டத்தில் எல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறார். அச்சகத்தில் தற்செயலாகக் கூப்பிட்டார்களாம், ஒருநாள் வாசிக்கப் போனாராம். தான் யாரென்று தெரியாததால்தான் ஒரு பெண் தைரியமாக உண்மையைச் சொன்னாளாம். நான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பேன்.

அவர் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, முகம் தடவும் அந்த அத்தியாயத்தை அவரே தழுதழுத்த குரலில் வானொலியில் வாசித்ததைக் கேட்டேன். அன்று வந்து வாசற்படியில் "வணக்கம்" என்றாரே, யாரென்று தெரிந்துகொள்ள அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

அதைவிட, வானொலி கேட்ட மறுநாள் காலை மேலாளர் அறைக்குப் போனவள் நான்தான். "இந்தப் புத்தகத்துக்கு மட்டும், எழுதினவங்களையே வாசிக்கக் கூப்பிடுங்க சார்."

இரண்டு தடவை முடியாது என்றார். மூன்றாம் தடவை தொலைபேசியை எடுத்தார்.