பூங்கோதையின் போட்டியும் புது டிஷ்ஷும்

மகள் பூங்கோதையின் நீச்சல் போட்டியை ஹெச்.டி.யில் பார்த்தே தீருவது என்று வாத்து வைத்திலிங்கம் முடிவு செய்தார். எந்த இணைப்பில் படம் தெளிவு என்று ஒரு வாரமாக ஊரெல்லாம் விசாரித்தார். போட்டி எந்த வழியாகப் போகிறது என்று மட்டும் விசாரிக்கவில்லை.

போட்டியன்று இணைப்புக் கொடுக்கும் காகம் வந்து கூரையில் டிஷ்ஷைப் பொருத்தியது.

"படம் வருதா, சார்?"

"வெறும் புள்ளிதான் வருது. சீக்கிரம்ப்பா, போட்டி தொடங்கிடுச்சு!"

டிஷ்ஷைத் திருப்பிய காகம் திடுக்கிட்டது. "சார், உங்க பொண்ணு கொல்லைப்புற வாய்க்கால்லதான் போகுது. மூணாவதா வருது!"

வைத்திலிங்கம் ரிமோட்டை இறக்கையில் இடுக்கியபடியே தண்ணீரில் குதித்தார். "விடாதே கண்ணு, காலை நல்லா உதை!" என்று கத்திக்கொண்டே மகளோடு நீந்தினார்.

காகம் ஜன்னல் வழியே வீட்டுக்குள் இருந்த டி.வி.யை எட்டிப் பார்த்தது.

"படம் வந்திருச்சு, சார்!" என்று கூவியது. "நீங்கதான் பளிச்சுனு தெரியறீங்க!"