குமுதாவின் குப்பி

லில்லிக் கிழங்குகள் வளரும் குப்பிகளில் ஒன்றில் பால்நிறக் கிருமித் திட்டு படர்ந்திருந்தது. அந்தக் கிருமி யாருடைய வாயிலிருந்து விழுந்தது என்று ஆய்வகக் கருவி சொல்லிவிடும். திரையில் வந்த பெயரை மாசிலாமணி இரண்டுமுறை வாசித்தான். குமுதா, அவன் மனைவி. அவள் போய் நாற்பது நாளாகிறது. அவளில் உயிரோடு மிஞ்சியது இந்தத் திட்டு மட்டும்தான்.

இருந்தவரை அவனுக்குப் பக்கத்து மேசையில் அமர்ந்து, முகக்கவசத்தை இறக்கிவிட்டு, ஒவ்வொரு குருத்திடமும் "சாப்டியாடா?" என்று கேட்பாள்.

"உன் வாயாலேயே வேலை போகப்போவுது பாரு" என்று அவன் வைவான்.

"அண்ணே, இந்தக் குப்பிய வச்சிருந்தா மத்ததுக்கும் பரவிடும். நான் அவிச்சுடட்டுமா?" என்றாள் மேற்பார்வையாளர் தில்லைநாயகி.

"வேணாம்மா. அன்னிக்குக் கொள்ளி வச்சதும் நான்தானே."

குப்பியைத் தானே கிருமி கொல்லும் ஆவிக்கலனில் வைத்து மூடினான். ஆவி அடங்கும்வரை நின்றான். பிறகு மேசைக்கு வந்து புதிய குருத்தொன்றை எடுத்தவன், முதல்முறையாக முகக்கவசத்தை இறக்கினான்.

"சாப்டியாடா?"